மவுஸ் குதித்த வகுப்பு

கம்ப்யூட்டரை மூடியிருந்த உறையை உருவியதும் மவுஸ் மேஜைமேல் துள்ளத் தொடங்கிவிட்டது.

“அடங்குடா,” என்றது கீபோர்டு. “ஆயுத பூஜைக்கும் இப்படித்தான் உருவினாங்க. பொட்டு வச்சு மறுபடி மூடிட்டாங்க.”

“இன்னைக்குப் பிள்ளைங்க வந்திருக்காங்கண்ணே! ஒரு கையாவது என்மேல படாதா?”

பிரமிளா டீச்சர் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, கரும்பலகையில் மவுஸின் படத்தை வரைந்தார். “பார்த்து வரைங்க. யாரும் தொட்டுக் கெடுத்துடாதீங்க.”

“டீச்சருக்கே பயம்டா,” என்று கீபோர்டு சிரித்தது.

மணியடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. மறுபடி மூடினால், ஒரு கை பட இன்னும் எத்தனை வருஷமோ! மவுஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேஜை விளிம்பிலிருந்து குதித்தது.

டீச்சர் பாய்ந்து பிடித்தார். பதறிப்போய் மேஜைமேல் வைத்து அழுத்தினார். திரையில் அம்புக்குறி விருட்டென்று ஓடியது. வகுப்பே கூச்சல் போட்டது. டீச்சர் மெல்லக் கையை நகர்த்தினார். மறுபடி ஓடியது. எதுவும் கெடவில்லை.

அவர் எழுதுமேஜையடியிலிருந்த தன் நாற்காலியை இழுத்துவந்து, கம்ப்யூட்டர் எதிரே முன்வரிசைப் பெண்ணுக்குப் போட்டார்.