இன்ஜினின் பூர்வீகம்

ஷெட்டில் நின்ற தம்பியின் ஜீப்பில் இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. மேலே உத்தரத்தில் இன்ஜினைத் தூக்கும் சங்கிலிக் கப்பி தொங்கியது.

'எங்கிருந்தோ ஒரு இன்ஜினைப் பிடித்து இறக்கியிருக்கிறான். இன்னும் முறுக்கக்கூட இல்லை!' அண்ணனுக்கு வயிறு எரிந்தது.

அப்பா பட்டாளத்தில் ஓட்டி, பிறகு ஏலத்தில் எடுத்த ஜீப் மூத்தவர் என்ற முறையில் அண்ணனுக்கு வந்தது. அதன் உதிரிபாகத்துக்காக அப்பா வாங்கிப்போட்ட துருப்பிடித்த ஜீப் தம்பிக்கு. அந்தத் துருவைச் சுரண்டிச் சுரண்டியே பழைய வண்டிகளின் கண்காட்சி வரைக்கும் வந்துவிட்டான் பயல்.

வண்டியோடு கூடப்பிறந்த இன்ஜின் என்று சான்று இருந்தால் கண்காட்சியில் முன்வரிசை. பட்டாளப் பதிவேட்டைப் பார்த்து இன்ஜினின் பூர்வீகம் சொல்லும் நிபுணரை அழைத்துவரத்தான் தம்பி போயிருந்தான்.

"அப்படியே நம்ம வண்டியையும் காட்டிடுங்களேன்" என்று காலையில் மனைவி சொன்னாள்.

"எங்கப்பா ஓட்டின வண்டிக்கு எவன்டி சான்று குடுக்குறது? பெத்த பிள்ளைக்கு அப்பன் யாருன்னு ஊரைக் கேக்கணுமா?"

"அப்ப எதுக்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை அவங்க ஷெட்டையே எட்டிப் பாக்குறீங்க?"

அந்தக் கேள்வியோடு எழுந்து தம்பியின் ஷெட்டுக்குள் வந்தவர்தான். இடுப்பிலிருந்து அரத்தை எடுத்தார். இன்ஜின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைப் படிக்கக்கூட அவருக்கு மனமில்லை. கடைசி இலக்கம் மறையும்வரை அராவினார்.

மதியம் நிபுணர் வந்தார். துணியால் துடைத்தார், டார்ச் அடித்தார், கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"நீங்க எழுதி அனுப்பின நம்பர் எங்க தம்பி? யாரோ அராவியிருக்காங்களே!"

தம்பி விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். "இதுக்கு வேற வழி இல்லையா சார்?"

"நம்பர் போன இன்ஜின் வெறும் இரும்பு. கண்ணால பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அண்ணன் மீசையை நீவிக்கொண்டார். "முன்வரிசை போச்சா? விடுடா. எதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்."

"எனக்கு ஏதுண்ணே முன்வரிசை?" தம்பி நிபுணரின் பையைக் காட்டினான்.

நிபுணர் பையிலிருந்து பதிவேட்டின் நகலை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். தம்பி எழுதி அனுப்பிய இன்ஜின் எண்ணுக்கு எதிரே எழுதியிருந்தது அண்ணனுடைய வண்டியின் எண். அவர் ஒருமுறைக்கு இருமுறை படித்தார்.

"ரெண்டு வண்டி இன்ஜினையும் அப்பாவே எப்பவோ மாத்தியிருக்காரு. சான்று வாங்கி உங்க வண்டியில மாட்டிக் குடுக்கலாம்னு இருந்தேன். இதுதாண்ணே அப்பா ஓட்டின இன்ஜின்!"