பத்து விரல்காரன்

"பதினைஞ்சு வருஷம் பிரஸ் மெஷின்ல வேலை பார்த்தேங்கிறே. பத்து விரலும் அப்படியே இருக்கே?"

பட்டறை முதலாளி தர்லோச்சன் சிங் அந்த ஆளின் கைகளைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். லூதியானாவில் தகட்டை அழுத்திச் சைக்கிள் பாகம் அடிக்கும் பட்டறைகளில் அதுதான் அளவுகோல். ஒரு விரல் இல்லாதவன் வேலை தெரிந்தவன். இரண்டு இல்லாதவன் உஸ்தாத். பத்தும் உள்ளவன் கத்துக்குட்டி.

"இருக்கு சர்தார்ஜி," என்றான் ராம்சூரத். "மெஷின்ல விட்டுட்டு வர்ற மாதிரி வேலை பார்க்கலை."

சத் பூஜைக்குப் பீகார் போன தொழிலாளர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. பட்டறையில் பாதி மெஷின்கள் தூங்கின. சனிக்கிழமை சரக்கை லாரியில் ஏற்றாவிட்டால் செயின் கவர் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். அதனால்தான் ஃபோர்மேன் ஜக்தாரைக் காலையிலேயே ஸ்டேஷனுக்கு விரட்டினார். ரயிலை விட்டு இறங்குகிறவர்களைக் கொத்திக்கொண்டு போக ஊரிலுள்ள பட்டறை ஆட்களெல்லாம் அங்கே நிற்பார்கள். ஜக்தாருக்குச் சிக்கியது இந்த ஒருவன்தான்.

"மூட்டை எங்கேடா?"

"கொண்டு வரலை சர்தார்ஜி."

தர்லோச்சனுக்குப் பொறி தட்டியது. ஜக்தாரை ஓரமாக இழுத்தார்.

"சத் முடிஞ்சு வர்றவன் வீட்டுல சுட்ட தேக்குவாப் பலகாரம் கூட இல்லாமயா வருவான்? எனக்கென்னவோ சோதனை போட வந்த லேபர் ஆபீஸ் ஆள்னு தோணுது."

"பார்த்தா அப்படித் தெரியலையே பாஜி. பிளாட்பாரத்துல தனியா நின்னான். கையைப் பிடிச்சு இழுத்தேன், பேசாம ஆட்டோல ஏறிட்டான்."

"அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. கூலி எவ்வளவுன்னு கூடக் கேட்கலை பாரு."

மெஷினை ஓட்டிக்காட்டச் சொன்னார். ராம்சூரத் மெஷின் முன்னால் உட்கார்ந்தான். கையை வைக்காமல், ஒரு மரக்குச்சியை உள்ளே நீட்டிக் காலால் மிதித்தான். குச்சி இரண்டு முறை நசுங்கியது.

"ஒரு மிதிக்கு ரெண்டு தடவை இறங்குது. இதுல நான் கை வைக்க மாட்டேன்."

"மத்தவங்க வைக்கலையா?"

"எங்க பட்டறையில ரெண்டு கையாலயும் ரெண்டு பொத்தானை அமுக்கினாத்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டவே மாட்டாது."

"கிழிஞ்சுது. அப்படி அடிச்சா ஆர்டர் என்னைக்கு முடியறது?"

"மாசா மாசம் முடியுது சர்தார்ஜி. ரத்தம் கழுவறதுக்குன்னு மெஷினை நிறுத்தறதில்லை. புதுசா ஆள் பழக்கற வேலையும் இல்லை."

"அவ்வளவு சொர்க்கத்தை ஏன் விட்டுட்டு வந்தே?"

"விட்டுட்டு வந்தேன்னு நான் சொல்லலையே."

தர்லோச்சனுக்குச் சந்தேகம் தீர்ந்தது. வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறான். சும்மா அனுப்பினால் தன் மதிப்பு என்னாவது? மெஷின்களில் இருந்த ஆட்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"எல்லாரும் இங்கே வாங்க. பதினைஞ்சு வருஷம் பிரஸ் ஓட்டினானாம் இவன். டேய், கையைத் தூக்கிக் காட்டு. சிரிக்கட்டும்."

ராம்சூரத் இரண்டு கைகளையும் உயர்த்தி விரித்துக் காட்டினான். ஜக்தார் மட்டும் சிரித்தான். ஒரு கையில் மூன்று விரலே மிஞ்சிய முனேசர் கிட்டே வந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். அவன் கண் கலங்கிவிட்டது.

"நிஜமா பிரஸ்தானா பாய்? எந்தப் பட்டறை?"

"பொய்யன்கிட்ட விலாசம் வேறயா? போய் வேலையைப் பாரு," என்று முனேசரை அதட்டிவிட்டு, தர்லோச்சன் ராம்சூரத்தின் தோளைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினார். லேபர் ஆபீஸையே ஓட்டிவிட்ட பெருமையில் இரண்டு கிளாஸ் லஸ்ஸி குடித்தார்.

மதியம் ரொட்டி சாப்பிடும் நேரம் முடிந்து வெகுநேரமாகியும் மெஷின் சத்தம் கேட்கவில்லை. ஜக்தார் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"பாஜி, சாப்பிடப் போன அத்தனை பேரும் அந்த ஆள் பின்னாடியே போயிட்டாங்க. டீக்கடையில அவங்களுக்காகக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தானாம்."

"லேபர் ஆபீஸுக்கா கூட்டிட்டுப் போனான்?"

"இல்லை பாஜி, பின்தெரு கிர்பால் கௌர் பட்டறைக்கு." ஜக்தார் தலையைக் குனிந்துகொண்டான். "அவன் அங்கே ஃபோர்மேனாம். அவனும் ஸ்டேஷனுக்கு ஆள் பிடிக்கத்தான் வந்து நின்னிருக்கான். நான் அவனையே பிடிச்சுட்டு வந்துட்டேன்."