குடத்தில் வெட்டிய பேர்

அவள் குடத்தின் கழுத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

அங்கேதான் பேர் வெட்டியிருந்தது.

பள்ளிக் குழாயிலிருந்து வாகைக்கன்று வரை ஒன்பதாம் வகுப்பு வரிசையாக நின்றது. முப்பத்தொரு பெண்கள். வாளி, குடம், சருவம். ஒருத்தி குக்கரையே தூக்கி வந்திருந்தாள்.

வரலாற்றுப் பாடம்தான். பழைய அமெரிக்காவில் பொதுநலக் கொடை. அப்போது தீயணைக்க அரசாங்க ஆள் கிடையாது. எங்காவது தீப்பிடித்தால் ஊரே தோல் வாளியோடு ஓடும். கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர் போகும்.

“வாளி மாறிப் போயிராதா டீச்சர்?” என்று நேற்று சுடலி கேட்டாள்.

“மாறாதுட்டி. பேர் எழுதியிருப்பாங்க. நம்ம கல்யாண வீட்டுக்குக் குடம் குடுத்து வாங்கலையா?”

அதனால்தான் இன்றைக்குப் பேர் வெட்டிய பாத்திரம். வாகைக்கன்றுக்குக் கைமாற்றித் தண்ணீர்.

வருகைப் பதிவும் பாத்திரத்துக்குத்தான். பூரணி டீச்சர் குனிந்து குனிந்து படித்துக்கொண்டு வந்தார்.

“மு. சொர்ணம்.”

“உள்ளேன் டீச்சர்!”

“ஆ. செல்லக்கனி.”

“உள்ளேன் டீச்சர்!”

அம்மாக்களின் பேருக்குப் பிள்ளைகளின் குரல். வரிசையே குலுங்கிச் சிரித்தது.

அவளும் சிரித்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

டீச்சர் அவள் விரல்களை மெல்ல விலக்கினார்.

“கு. விசாலாட்சி.”

அவள் குடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஏட்டி, உங்கம்மா பேரு பேச்சித்தாய்லா?” குழாயடியிலிருந்து சுடலி கத்தினாள். “யாரு வீட்டுக் குடத்தை அமுக்கிட்டு வந்த?”

மறுபடி சிரிப்பு.

அவளுக்குக் காது சுட்டது. இந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு மாதம். இது ஒன்று மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று இருந்தாள்.

“வெள்ளத்துல எங்க பாத்திரமெல்லாம் போயிட்டு டீச்சர். இது நிவாரண லாரில வந்தது. எந்த ஊர்க்காரங்கன்னு தெரியாது.”

யாரும் சிரிக்கவில்லை.

“பேரை அழிச்சிட்டு எங்கம்மா பேரை வெட்டித் தாரேன்னு கடைக்காரரு சொன்னாரு. எங்கம்மா கூடாதுன்னுட்டா.”

டீச்சர் கையிலிருந்த வரலாற்றுப் புத்தகத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“கு. விசாலாட்சி.”

அவள் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். நசுங்கிய அடிப்பக்கத்தில் வெயில் தெறித்தது.

“வந்திருக்காங்க டீச்சர்!”

குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

முதல் ஆளாக நின்ற சுடலி சருவத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். குழாயடியில் அந்தக் குடத்துக்கு இடம் விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

சுடலியோடு வரிசை முழுதும் நகர்ந்தது.