ஜெரிசனைக் கொடுக்க மாட்டோம்

“நல்ல ஆட்டக்காரனை மாத்திக் குடுக்கிற கழகம் உருப்படாது தம்பி. என்ரை மகன் எண்டதுக்காகச் சொல்லேல்லை. ரசிகனாச் சொல்லுறன்.”

சந்தியோகு இப்படிச் சொன்னதும் குருநகர் அலைகடல் விளையாட்டுக் கழகக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஊரில் படகு எஞ்சின் திருத்துகிற சந்தியோகு கழகத்தில் எந்தப் பதவியிலும் இல்லை. ஆனால் அலைகடல் ஆடுகிற ஒவ்வொரு உதைபந்தாட்டத்திலும் எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று தொண்டை கட்டும்வரை கத்துவார். அப்படிப்பட்டவரைக் கேட்காமல் அவருடைய மகன் ஜெரிசனைப் பற்றி முடிவெடுக்கத் தலைவர் கிறிஸ்ரோபருக்குத் துணிவு வரவில்லை.

“ரசிகனாவே யோசியுங்கோ அண்ணை,” என்றார் கிறிஸ்ரோபர். “கோல் காக்கிற எங்கடை கோலிக்கு முழங்கால் சவ்வு கிழிஞ்சு போச்சு. ஈஸ்டர் முடியப் போட்டி துவங்குது. மயிலிட்டிக் கலங்கரைக் கழகத் தலைவர் மரியநாயகம் தன்ரை சொந்த மகன் பிரகாஸையே தாறன் எண்டு நிக்கிறார். அவனைப்போலை கோலி எங்கை இருக்கு? அவனுக்கு மாத்தா ஜெரிசனைக் கேக்கினம்.”

“ஜெரிசன் இல்லாமல் ஆர் கோல் அடிக்கிறது?”

“கோலி இல்லாமல் ஆர் தடுக்கிறது?” என்று பயிற்சியாளர் எமில்ராஜ் குறுக்கே விழுந்தார். “நாங்கள் அடிக்கிறதைவிடக் கூட வாங்கினால் என்ன பிரயோசனம் அண்ணை?”

போட்டியை நடத்துகிற சங்கத்தின் சட்டம் இதுதான்: யார் எந்த ஊரில் குடியிருக்கிறாரோ அந்த ஊர்க் கழகத்துக்குத்தான் ஆடலாம். இரண்டு கழகங்களும் இணங்கி ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டால் மட்டும் விலக்கு உண்டு. அந்த மாற்றத்துக்குக் கடைசி நாள் இன்று. மயிலிட்டியில் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

சந்தியோகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்தார். வந்த நேரத்திலிருந்து இதே வேலைதான். மின்விசிறிக்குக் கீழே இருந்தும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

“பிரகாஸை நான் கொண்டுவாறன்,” என்றார் திடீரென்று. “ஜெரிசனும் இருப்பான். நாங்கள் ஒண்டும் குடுக்கத் தேவையில்லை.”

“என்னெண்டு?”

“அதை இப்ப சொல்லேலாது. ஜெரிசனைக் குடுக்கமாட்டம் எண்டு மரியநாயகத்துக்குச் சொல்லும்.”

எமில்ராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. “பகிடி விடாதேங்கோ அண்ணை. நீங்கள் சொன்னது நடக்கேல்லையெண்டால் இந்த வருசம் கோலி இல்லாமல் நிக்கவேணும். போன முறை இறுதி ஆட்டத்திலை தோத்துப்போய் அழுத பெடியளுக்கு ஆர் பதில் சொல்லுறது?”

“நான் சொல்லுறன். பிரகாஸ் வராட்டி அதுக்குப் பிறகு மைதானப் பக்கம் நான் தலைவைச்சும் படுக்கமாட்டன்.”

அந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்ரோபர் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு மரியநாயகத்துக்குப் போன் எடுத்தார்.

“ஐயா, ஜெரிசனைத் தர எங்களுக்கு விருப்பமில்லை. ஓம், கடைசி முடிவுதான்.”

போனை வைத்துவிட்டுச் சந்தியோகுவைப் பார்த்தார். “சரி அண்ணை, இனியாவது சொல்லுங்கோ.”

சந்தியோகு கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பிரகாஸுக்கும் எங்கடை மகள் லவீனாவுக்கும் கனகாலமா விருப்பம். நான்தான் மறிச்சனான். எங்களுக்கு எதிரா நிக்கிற கோலிக்குப் பிள்ளையைக் குடுக்கிறதோ எண்டு வீம்பு. இண்டைக்கு மனுசியை மயிலிட்டிக்குச் சம்மந்தம் பேச அனுப்பியிருக்கிறன். தவக்காலத்துக்கு முதல், எண்டால் போட்டி துவங்கவும் முதல், கலியாணம். எங்கடை வழக்கம் என்ன? மாப்பிள்ளை பொம்பிளை வீட்டிலைதானே வந்து இருக்கவேணும்? குருநகரிலை குடியிருக்கிறவன் ஆருக்கு ஆடவேணும்?”

எமில்ராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். கிறிஸ்ரோபர் எழுந்து வந்து சந்தியோகுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று சந்தியோகு அதை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

“இஞ்சருங்கோ, எல்லாம் சரிவந்திட்டுது,” என்றது மனைவி கத்தரீனாவின் குரல். “தவக்காலத்துக்கு முதலே செய்வமாம்.”

மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. சந்தியோகு பெருமையில் நெஞ்சை நிமிர்த்தினார்.

“என்ன சத்தம் அங்கை? முழுக்கக் கேளுங்கோ. மரியநாயகத்தார் முதல் ஒண்டும் கேக்கேல்லை. இப்ப அவருக்கு ஆரோ போன் எடுத்தவை. முற்றத்துக்குப் போய்க் கதைச்சிட்டு வந்தவர், மாத்துச் சம்மந்தமாச் செய்வம் எண்டு ஒற்றைக் காலிலை நிண்டிட்டார். எங்கடை பெட்டை அவையின்ரை பெடியனுக்கு, அவையின்ரை பெட்டை றொசாந்தி எங்கடை பெடியனுக்கு. என்னைக் கூட்டிவந்த ஜெரிசனைத் திரும்பிப் பாத்தன். அவன் தலையைக் குனிஞ்சு சிரிக்கிறான். நானும் ஓமெண்டிட்டன்.”

கைதட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. கிறிஸ்ரோபர் பிடித்திருந்த கையை மெல்ல விட்டார்.

“நல்ல மனுசனப்பா அவர்,” என்று கத்தரீனா சொல்லிக்கொண்டே போனாள். “மாப்பிள்ளை பொம்பிளை வீட்டிலைதானே இருக்கவேணும் எண்டு, எங்கடை ஜெரிசனுக்கு மயிலிட்டியிலை இப்பவே அறையும் ஒதுக்கிப்போட்டார்.”