முப்பத்தொன்றாம் எண் குழல்

பதினோராவது குழலின் மேல் சுத்தியலை இறக்கும்போதும் ஹெர்மினியோ அந்தத் திருடனைத்தான் நினைத்துக்கொண்டார். ஆளை அவர் பார்த்ததில்லை. பெயர் மட்டும் தெரியும், ஆர்செனியோ.

பிலிப்பைன்ஸில், இலோய்லோ நகரின் கூடைப்பந்துக் கூடத்தில் அன்று வேப் எனும் மின்சிகரெட் பிரியர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ‘டூப்ளிகேட்டைக் கொடுங்கள், உடைக்கிறேன். ஒரிஜினலைச் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பலகை எழுதி, ஓரமாக ஒரு மேசை போட்டிருந்தார் அவர். தன் லேத்தில் தானே கடைந்த பித்தளை வேப் குழல்கள் இருபதைக் கொண்டுவந்ததில் ஒன்பது இன்னும் அப்படியே கிடந்தன.

சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. யார் பெரிய புகைமேகம் விடுகிறார் என்ற போட்டி எதிர்க்கோடியில் நடந்துகொண்டிருந்தது. சனம் மொத்தமும் அங்கேதான் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மைக் பிடித்து அறிவிப்புச் செய்துகொண்டிருந்த ரோமி மட்டும் ஒருதரம் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். மனோங், அதாவது அண்ணன், என்றுதான் ஹெர்மினியோவை எல்லோரும் கூப்பிடுவார்கள்.

“குழல் உடைக்கிறீங்களா, தேங்காய் உடைக்கிறீங்களா மனோங்? அங்க மைக்ல பேசறதே கேக்கல.”

“என் டிசைனைத் திருடினவன் மண்டையை உடைக்கிறேன்.”

“புகை விடறவனுக்கு ஒரிஜினலா இருந்தா என்ன, டூப்ளிகேட்டா இருந்தா என்ன? ரெண்டுலயும் வர்றது புகைதானே. உங்க கவலை உங்களுக்கு,” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார் ரோமி.

அவருக்கென்ன, சிரிப்பார். அந்த வடிவத்துக்கு ஹெர்மினியோ எட்டு மாதம் உழைத்திருந்தார். அரசாங்கத்தில் பதிவு செய்த தாள் பட்டறைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. டூப்ளிகேட் வந்து இறங்கிய இந்த இரண்டு வருஷத்தில் பட்டறையில் இருந்த ஐந்து ஆட்களும் ஒவ்வொருவராக வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது பட்டறையில் அவரும் ஒரு ரேடியோவும்தான். மதியச் சோற்றைத் தனியாகச் சாப்பிட்டு எழுவது மற்ற எல்லாவற்றையும்விட அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அவருடைய குழல் ஒவ்வொன்றின் அடியிலும் வெவ்வேறு எண் இருக்கும். டூப்ளிகேட் எல்லாவற்றிலும் ஒரே எண், 31. அதற்குக் கீழே யாரோ ஆணியால் கோணல்மாணலாகக் கீறிய ‘அமிஹான்’ என்ற சொல்லும் அச்சு அசலாக இருந்தது. ஏதோ கப்பலின் பெயர் என்றுதான் அவர் நினைத்திருந்தார். கையில் கிடைத்த ஒரே ஒரு குழலை, கீறல் உட்பட, அப்படியே நகலெடுத்துத் தள்ளிவிட்டார்கள்.

அவருடைய விற்பனைப் பதிவேட்டில் 31-க்கு நேரே ‘ஆர்செனியோ, கப்பல் வேலை, கிமாராஸ் தீவு’ என்று எழுதியிருந்தது. யாரிடம் விற்றான் என்று அவன் வாயைத் திறந்தால் போதும், வழக்கு நிற்கும் என்றார் வக்கீல். ஹெர்மினியோ எத்தனையோ செய்தி அனுப்பிவிட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

மேசையை மடக்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கைக்குட்டையைப் பிரித்து ஒரு டூப்ளிகேட்டை எடுத்தாள். ஹெர்மினியோவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

“வாங்க இண்டாய், உக்காருங்கம்மா. அதைக் குடுங்க, ஒரே போடு.”

அவள் விரல்களை மூடிக்கொண்டாள். “இதை உடைக்க வரல மனோங். உடைச்சதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?”

“பழைய பித்தளைக்குப் போடுவேன். ஏன்?”

“அடிப்பக்கத்தை மட்டும் எனக்குக் குடுப்பீங்களா? எழுத்து இருக்கிற துண்டு போதும், அது பழைய பித்தளையோட உருகிப் போக வேணாம்.”

“அந்தக் கிறுக்கலை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?”

“அமிஹான் என் பொண்ணு பேரு. அவ பொறந்த சேதி கேட்டு அவ அப்பா கீறினது. போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாரு. போன மாசம் சந்தையில ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள இதைப் பார்த்ததும் தெரிஞ்சுக்கிட்டேன்.”

ஹெர்மினியோ எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. இரண்டு வருஷக் கோபம் மொத்தமும் அவள் தலையில் இறங்கியது.

“நீ ஆர்செனியோ பொண்டாட்டியா? பெத்த பொண்ணு பேரு எழுதினதையே வித்துத் தின்னானா அந்த மகராசன்?”

“அவர் விக்கல மனோங். அது அவர் பெட்டிக்குள்ள இருந்துச்சு. பெட்டி வீட்டுக்கு வந்து சேரல. கூட வேலை பார்த்தவங்க யாரோ எடுத்து வித்திருக்காங்க.”

“நல்லா இருக்கு கதை. இவன் பெட்டியை இன்னொருத்தன் எடுத்து விக்கிற வரைக்கும் இவன் பார்த்துக்கிட்டு நின்னானாக்கும்.”

அவள் குழலின் அடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். அது வேறு அவருக்கு எரிச்சலை மூட்டியது.

“அது மிஷின் போட்ட எழுத்தும்மா. டூப்ளிகேட். உன் புருஷன் கையெழுத்து வேணும்னா அவனையே இன்னொரு தடவை எழுதச் சொல்லி வாங்கிக்க. என்கிட்ட வந்து பித்தளைத் துண்டு கேக்காத.”

“கோவப்படாதீங்க மனோங்.”

“கோவப்படாம? என் பட்டறையே காலியாக் கிடக்கு. கப்பலை விட்டு எந்த ஊர்ல இறங்கினான்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

எதிர்க்கோடியில் யாரோ ஜெயித்துவிட்டார்கள். கைதட்டல் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“அவர் இறங்கல மனோங். கடல்ல விழுந்துட்டாரு.”