இளவரசன் குடித்த கூழ்

"இப்பல்லாம் எவனுக்கு இன்னா தோணுதோ அத்த கதைன்னு எழுதிடறானுங்க. பேரு ராஜா கதை. உள்ள பாத்தா பாதி சோறு, பாதி கொழம்பு. நாமெல்லாம் சோத்த துன்னோம். இவனுங்க எழுதிக்கினு கீறானுங்க!"

கோதண்டம் இப்படிச் சொல்லிவிட்டு எதிரே பாயில் உட்கார்ந்திருந்த கங்கம்மாளின் முகத்தைப் பார்த்தார். அவர் மகள் காஞ்சனாவைப் பெண் பார்க்க மணிமங்கலத்திலிருந்து வந்திருந்தார்கள். கங்கம்மாள், அவள் புருஷன் தசரதன், மாப்பிள்ளைப் பையன் அன்பு. வந்து உட்கார்ந்ததுமே அந்த அம்மாள் பையிலிருந்து இந்த வாரப் பத்திரிகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் வரும் தொடர்கதையை விட்டு இன்னும் இறங்கவில்லை.

அது 1991, ஆவணி மாதம். ஒரகடம் பக்கம் மழையே இல்லை. கோதண்டத்துக்கு மட்டும் சட்டை நனைந்திருந்தது.

காபி ஆயிற்று, மிக்சர் ஆயிற்று. உள்ளே வடை பாயசத்தோடு சமையல் தயார். ஆனால் சம்மதம் இல்லாத வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். சோற்றில் கை வைத்துவிட்டால் பெண்ணை எடுத்துக்கொண்ட மாதிரி. முன்னால் வந்த இரண்டு இடமும் காபியோடு எழுந்து போய்விட்டன. காஞ்சனாவுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. இவர்களும் எழுந்து போனால் இனி எவன் இந்த வாசல் ஏறுவான்?

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே," என்றாள் கங்கம்மாள். "எதிரிங்க தொரத்துறாங்க. இளவரசன் மாறுவேசத்துல ஒரு குடிசையில வந்து நிக்கிறான். அந்தப் பொண்ணு மொந்தையில கேவுரு கூழ ஊத்திக் குடுக்குது. தொடல, ஒரு வார்த்த பேசல. அவன் முழுங்கறப்ப தொண்ட ஏறி எறங்குறத பாத்துக்கினே நிக்குது. அவ்ளோதான். எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு."

"இத்த எனக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் சோறே போட்டா," என்றார் தசரதன். "ரசம் பச்சத் தண்ணியா ஆறிப்போச்சு."

அன்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கோதண்டம் சிரிக்கவில்லை.

"வயசுப் பொண்ணு ஆம்பள தொண்டையப் பாக்குமா? இத்த எழுதுன கைய ஒடைக்கணும்."

"ஏன்? ஆசைன்னா கட்டிப் புடிச்சாத்தானா? பசிக்கு ஊத்தறதுலயும் கீது. அந்தக் கூழுக்குக் கடிச்சிக்க சுட்ட கருவாடு வேற வெக்கிது பாருங்க..."

"கருவாடா? ராஜா எங்கனா கருவாடு துன்னுவானா? புளுகறதுக்கும் ஒரு அளவு வாணாம்?"

"பசிச்சா துன்னுவான்!"

குரல் சமையற்கட்டிலிருந்து வந்தது. காஞ்சனாவின் குரல். தொடர்ந்து, யாரோ அவள் வாயைப் பொத்தியது போல ஒரு சத்தம். கோதண்டத்தின் மனைவி கிளியம்மாள் கதவோரம் தலையை நீட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏமே, உள்ள போ!" என்றார் கோதண்டம்.

கங்கம்மாள் கண்ணை இடுக்கினாள். "பொண்ணும் இந்தக் கதை படிக்குமா?"

"படிக்கறதா! எங்க வூட்ல சாமான் கட்ற பேப்பரத் தவுர வேற பேப்பரே கெடையாதும்மா. அவ உண்டு, அடுப்பு உண்டு. கதை கிதைல்லாம் அவளுக்கு ஆவவே ஆவாது. பெத்தவன் சொல்றேன்."

சொல்லும்போது அவருக்கே குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தசரதன் மகனைப் பார்த்தார். மகன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அம்மா, ரெண்டாவது ஷிப்ட்டு கீது. பஸ்ஸ வுட்டா கம்பெனியில உள்ள வுட மாட்டான்."

தசரதன் துண்டை உதறித் தோளில் போட்டார். கோதண்டம் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்த துண்டு உதறல்தான். அடுத்து, போய்த் தகவல் சொல்கிறோம் என்பார்கள். தகவல் வராது.

"ஒரு நிமிசம்," என்றாள் கங்கம்மாள். "பொண்ண வரச் சொல்லுங்க. ஒண்ணு கேக்கணும்."

காஞ்சனா வந்து சுவரோரம் நின்றாள். கங்கம்மாள் எழுந்து போய் அவள் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா சமைப்பாம்மா! கேளுங்க, இன்னா வேணா கேளுங்க. கதை மட்டும்..."

"சித்த சும்மா இருங்கண்ணே. அந்தப் பத்திரிகையில அச்சுக் கோக்கறவன் எங்க அக்கா புள்ள. ஆம்பள பேர வெச்சுக்கினு எழுதுனா எங்களுக்குத் தெரியாதா? கதை எழுதுற பொண்ணு வாணாம்னு ரெண்டு வூட்டுக்காரங்க எழுந்து போனாங்களாமே, அத்த கேட்டுட்டுத்தான் நாங்க ஓடியாந்தோம்." கங்கம்மாள் பெண்ணின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "யம்மா, கூழு குடிச்ச அந்தப் புள்ளய அடுத்த வாரம் கொன்னுடாத. ஒன் கையால எங்களுக்கும் எலய போடு. பசிக்கிது."

"வாயால எல்லாரும் நல்லாத்தான் சொல்லுவாங்க. மொதல்ல கை நனையட்டும்," என்று முனகியபடி, முன்னால் இரண்டு முறையும் அறுத்துவைத்து வாடவிட்டதால் இந்தத் தடவை அறுக்காமலே விட்டிருந்த வாழை இலைக்காகக் கோதண்டம் கொல்லைப்பக்கம் நடந்தார்.