அடுப்பு அணையும் வரை

பருந்துகூட எட்டிப் பார்க்காத உயரத்தில் ஒரு தூசு தன்னந்தனியாக மிதந்துகொண்டிருந்தது. கணக்கில்லாமல் அடுப்பு மூட்டிப் பூமியைக் கொதிக்கவிட்ட மனிதர்கள்தான் அதைப் பலூனில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். "அடுப்பையெல்லாம் அணைச்சிடறோம். அதுவரைக்கும் வெயிலை மறைச்சுட்டு நில்லு. கொஞ்ச நாள்தான்" என்று சொல்லியிருந்தார்கள்.

தூசும் வெயிலை முதுகில் வாங்கித் திருப்பி அனுப்பியது. கூட வந்த தூசுகள் எங்கோ தொலைவில் மினுங்கின, கூப்பிட்டால் கேட்காது. பேச்சுத் துணைக்கு ஒரு மேகம்கூட அவ்வளவு உயரம் வரவில்லை. கீழே போய் ஓர் இலைமேல் உட்கார்ந்து மழையில் நனைய வேண்டும் என்று அதற்கு ஏக்கமாக இருந்தது.

ஒருநாள் அடுத்த பலூன் வந்து, புதுத் தூசு ஒன்றைப் பக்கத்தில் விட்டுப் போனது.

"வா, வா! அடுப்பை அணைச்சுட்டாங்களா?" என்று பழைய தூசு ஆவலாகக் கேட்டது.

"எதுக்கு அணைக்கணும்? கீழே இப்பதான் குளுகுளுன்னு இருக்கே. இன்னும் நாலு அடுப்பு பத்த வெச்சிருக்காங்க."

இத்தனை காலம் தாங்கிய பழைய தூசு உடம்பு தளர்ந்து, மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.

"அண்ணே, தனியா விட்டுட்டுப் போறீங்களே! நான் எத்தனை நாள் இங்கே இருக்கணும்?" என்று புதுத் தூசு கத்தியது.

பழைய தூசு அண்ணாந்து பார்த்தது.

"கொஞ்ச நாள்தான்" என்றது.